வரிசை எண் ஐந்து

பிப்ரவரி. ஏழாம் வகுப்புக்கு வேறொரு ஆசிரியை.
எனக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.
நஜஃப்கட் தாண்டி ஷேர் ஆட்டோ.
மடியில் அரசாங்கப் பை:
படிவங்கள், கறுப்புப் பேனா நான்கு,
டப்பாவில் நேற்றைய உப்புமா.

போனமுறை இது கிராமம்.
இந்தமுறை நகரமாகிவிடும் என்றார் மேற்பார்வையாளர்,
தன் மகன் பாஸாகிவிடுவான் என்பதுபோல.
விதி சுலபம்:
ஐயாயிரம் தலை, போதுமான நெருக்கம்,
உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர்
மண்ணைவிட்டு வந்திருக்க வேண்டும்.
ஆண்களில்.
அந்தச் சொல்லை இரண்டுமுறை படித்தேன்.
வழியெல்லாம் பெண்கள் வரட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஊர் நகரமாவதை
அவர்கள் கைச் சாணம் தடுக்காது.

கடுகு வயலை விற்ற பணம்
மூன்று மாடியாக நிற்கிறது.
மாடி அறைகளில் பிகார்ப் பையன்கள்,
அறைக்கு ஆறு பேர், ஆறும் ஆண்.
மருந்துக்கடைக்கு மேலே ஸ்கேன் சென்டர்.
கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று
இங்கே சொல்லப்படமாட்டாது என்று பலகை.
பலகைக்குக் கீழே படிக்கட்டு
நடுவில் நன்றாகத் தேய்ந்திருந்தது.

நாற்பத்தொன்றாம் வீடு.
சத்பீர், அறுபத்திரண்டு, குடும்பத்தலைவர்.
கரம்வீர், தேஷ்ராஜ், நவீன், மூன்று மகன்கள்.
மனைவி காலமாகிவிட்டார்.
ஐந்தாவது ஆள்?
"பூனம். மருமகள்."
யாருடைய மனைவி?
ஹுக்கா ஒருமுறை குமிழியிட்டு அடங்கியது.
"பெரியவன் பெயரை எழுதுங்கள்."
பிறந்த இடம்?
"ரோத்தக்."
தாய்மொழி?
"ஹிந்திதான், வேறென்ன."

அடுப்பில் பால்.
முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்
எங்களுக்கில்லை, பாத்திரத்துக்கு:
"ஐயோ, பொங்கிடுச்சே."

பேனா நின்றுவிட்டது.
பிறகு படிவத்தைப் பார்த்தபடியே,
அடுத்த கேள்வியைப் படிப்பதுபோல் கேட்டேன்:
எந்த ஊரும்மா?
"சின்னசேலம் தாண்டி."
பேரு?
"வெண்ணிலா."
பூனம் என்றாலும் முழுநிலவுதான்.
வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.
யாரு கூட்டிட்டு வந்தது?
"சித்தப்பா. அவரு அன்னிக்கே ரயில் ஏறிட்டாரு."

என்ன பேசுகிறீர்கள் என்றார் சத்பீர்.
எண்களைச் சரிபார்க்கிறேன் என்றேன்.
அது பொய்யும் இல்லை.

இடம்பெயர்ந்த காரணம்:
வேலை, தொழில், படிப்பு, திருமணம்,
குடும்பத்தோடு வந்தது, மற்றவை.
எத்தனை ரூபாய் என்று எழுத
கட்டம் இல்லை.

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"அக்கா, என்னை ரெண்டு எடத்துல எண்ணுவாங்களா?
அங்க கார்டுல எம் பேரு இன்னும் இருக்கு.
எம் பேருக்கும் சேத்துதான் சர்க்கரை வாங்குறாங்க.
அடிச்சிடாதீங்க."

அழுவாள் என்று நினைத்திருந்தேன்.
பஸ் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால்
என்ன சொல்வது என்றுகூட
யோசித்து வைத்திருந்தேன்.
சர்க்கரைக்குப் பதில் இல்லை என்னிடம்.
இது வேற கணக்கும்மா என்றேன்.
துண்டுச் சீட்டில் என் எண்ணை எழுதி நீட்டினேன்.
வாங்கியது சத்பீரின் கை.

சாயங்காலம் மேற்பார்வையாளர் கூட்டிப் பார்த்தார்.
ஆயிரம் ஆணுக்கு இத்தனை பெண் என்ற எண்
போனமுறையைவிட மேலே போயிருந்தது.
"நல்ல முன்னேற்றம் மேடம்," என்று
எனக்கும் ஒரு டீ சொன்னார்.
சின்னசேலத்தில் யாரோ ஒரு டீச்சர்
இதே வாரம் இன்னொரு கதவில் நின்று
ஒன்று குறைத்து எழுதியிருப்பாள்.
குறைத்தாளா, தெரியவில்லை.

பிறகு அவர் விரல்
நாற்பத்தொன்றாம் வீட்டில் நின்றது.
வரிசை எண் ஐந்து. தாய்மொழி: தமிழ்.
சிரித்தார்.
"களைத்துப்போய்விட்டீர்கள் மேடம்,
உங்கள் மொழியை இங்கே எழுதிவிட்டீர்கள்.
திருத்திவிடலாமா?"

நான்கு பேனாவும் என் பையில்.
அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.